ஆடிட்டரிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது?

கேள்வி: திருப்பூரில் ஒன்பது ஆண்டுகளாகப் பின்னலாடைத் தையல் யூனிட் ஒன்றை என் பெயரில், புரொப்ரைட்டராக நடத்தி வருகிறேன். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று தொடர்ந்து ஆர்டர் தர முன்வந்திருக்கிறது. ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாறிவிடுங்கள் என்கிறார்கள். என் மனைவியின் தம்பியும் பணம் போட்டு உள்ளே வருகிறார். ஆளுக்குப் பாதி என்று பேசியிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளாக என் வருமான வரியையும் ஜி.எஸ்.டி.யையும் கவனித்து வருபவர் சி.ஏ. முடித்தவர் அல்ல, ஆனால் மிக நல்ல மனிதர். "கம்பெனி பதிவு முதல் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். கணக்கை நான் எழுதுகிறேன், சி.ஏ. முடித்திருக்கும் என் மகன் ஆடிட் கையெழுத்துப் போடுவான். உங்கள் இருவருடைய டிஜிட்டல் கையொப்பத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டால் போதும்" என்கிறார். மைத்துனரோ, இணையத்தில் மிகக் குறைந்த கட்டணத்துக்குக் கம்பெனி பதிவு செய்து தருகிறார்கள், அங்கே போகலாம் என்கிறார். யாரை நம்புவது, எப்போது தொடங்குவது என்று வழிகாட்டுங்கள்.

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

நான் கம்பெனி செக்ரட்டரியாகத் தொழில் செய்பவன். கம்பெனிகளைப் பதிவு செய்வதும், பதிவாளரிடம் படிவங்களைத் தாக்கல் செய்வதும் என் வேலை. கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்யச் சட்டம் எனக்கு அனுமதி தரவில்லை. ஆகவே உங்கள் தணிக்கையாளர் யாராக அமைந்தாலும் அதில் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உங்கள் கணக்காளரின் நேர்மையில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் அவர் சொல்லும் ஏற்பாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. அந்த இடத்துக்கு வருவதற்கு முன், கம்பெனி தொடங்குவது உங்களுக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வாங்குபவர் கேட்கிறார் என்பது கம்பெனி தொடங்கப் போதுமான காரணமே. வெளியாள் ஒருவர் முதல் போட்டு உள்ளே வருவது அதைவிட நல்ல காரணம். கடன் வந்தால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்ற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வங்கி உங்களுக்கு ஓவர் டிராப்ட் தரும்போது இயக்குநர்கள் இருவரிடமும் தனிப்பட்ட உத்தரவாதம் எழுதி வாங்கும். கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனாலும் அந்த உத்தரவாதம் தானாக நீங்கிவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் உறுதி செய்துள்ளது. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத ஜி.எஸ்.டி.யையும் வருமான வரியையும், தம்முடைய கடும் அலட்சியத்தால் அது நேரவில்லை என்று இயக்குநர் நிரூபிக்காத வரையில், அவரிடமிருந்தே வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நூல் கடைக்காரருக்கும் பட்டன் கடைக்காரருக்கும் கொடுக்க வேண்டிய பாக்கியில் லிமிடெட் என்ற சொல் உங்களைக் காக்கும். வங்கியிடமும் அரசிடமும் அந்த அளவுக்குக் காக்காது.

வரியைப் பொறுத்தவரை, தனிநபருக்குரிய இப்போதைய புதிய முறையில் 24 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு 30 சதவீத விகிதம் வருகிறது. சலுகைகளைக் கைவிடச் சம்மதிக்கும் உள்நாட்டுக் கம்பெனியோ 22 சதவீதம், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம் கட்டினால் போதும். இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் வரி கட்டிய பிறகு மிஞ்சும் லாபத்தை ஈவுத்தொகையாக வீட்டுக்கு எடுத்துச் சென்றால் உங்கள் கையில் அதற்கு மீண்டும் வரி உண்டு. லாபத்தைத் தொழிலிலேயே விட்டு எந்திரம் வாங்குபவருக்குக் கம்பெனி ஏற்றது. முழுவதையும் வீட்டுச் செலவுக்கு எடுப்பவருக்கு அவ்வளவு ஏற்றதல்ல. செலவும் கூடும். புரொப்ரைட்டராக இருக்கும்போது விற்றுமுதல் ஓர் அளவைத் தாண்டினால்தான் வரித் தணிக்கை வரும். கம்பெனிக்கோ ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். விற்றுமுதல் 40 லட்சத்துக்கும் மூலதனம் 25 லட்சத்துக்கும் உட்பட்டிருந்தால் தணிக்கை வேண்டாத எல்.எல்.பி. என்ற, வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை வடிவமும் உண்டு. ஆனால் உங்கள் வாங்குபவர் கம்பெனி என்றே கேட்பதாலும், எல்.எல்.பி.க்கு 30 சதவீத வரி என்பதாலும் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆளுக்குப் பாதி என்று நீங்கள் பேசியிருப்பது எனக்குக் கவலை தருகிறது, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தனிநபர் தொழிலைக் கம்பெனிக்கு மாற்றும்போது மூலதன ஆதாய வரி விழாமலிருக்கச் சட்டம் மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. தொழிலின் சொத்துகளும் கடன்களும் முழுவதுமாகக் கம்பெனிக்குப் போக வேண்டும். அதற்குக் கைம்மாறாக உங்களுக்குப் பங்குகளைத் தவிர வேறொன்றும் வரக் கூடாது. கம்பெனியின் வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் உங்களிடம் ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும். சரிபாதியில் நின்றால், மூன்றாம் ஆண்டில் மைத்துனர் எந்திரத்துக்காகக் கொஞ்சம் கூடுதல் பணம் போட்டு அதற்குப் பங்கு எடுத்துக்கொண்டாலே உங்கள் பங்கு பாதிக்குக் கீழே இறங்கி, விட்டுக்கொடுத்த வரியைத் திரும்பக் கேட்கும் நிலை வந்துவிடும். இரண்டாவது காரணம் நிர்வாகம் சார்ந்தது. இருவரே இயக்குநர்களாக, இருவருக்கும் சமமான பங்காக இருக்கும் கம்பெனியில் கருத்து வேறுபட்டால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. கம்பெனிகள் சட்டம் தரும், பெரும்பாலோர் அப்படியே ஏற்றுக்கொள்ளும் மாதிரி அமைப்பு விதிகளில், வாக்குகள் சமமானால் தலைவராக இருப்பவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. யார் தலைவர் என்பதை யோசிக்காமலே அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு சண்டையிட்டுக்கொண்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 60–40 என்றோ 55–45 என்றோ வைத்துக்கொண்டு, யாராவது விலகினால் பங்கை என்ன விலைக்கு யார் வாங்குவது என்பதையும் கம்பெனியின் அமைப்பு விதிகளிலேயே எழுதிவிடுங்கள். மனைவியின் தம்பியிடம் இதை எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள்; ஆனால் ஆர்டரும் பணமும் வரத் தொடங்கிய பிறகு இதைப் பேசுவது இன்னும் கடினம்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் எல்லோரையுமே ஆடிட்டர் என்று அழைக்கிறோம். தனிநபர் தொழிலில் அதனால் பெரிய குழப்பம் ஏதும் வருவதில்லை. கம்பெனி என்று வந்துவிட்டால், அன்றாடம் கணக்கு எழுதுபவர் ஒருவர், அந்தக் கணக்கு உண்மையும் நியாயமுமான நிலையைக் காட்டுகிறதா என்று பங்குதாரர்களுக்கு அறிக்கை தருபவர் வேறொருவர் என்ற பிரிவு சட்டப்படி தேவையாகிறது. பின்னவர் 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டப்படி பதிவு பெற்று, தொழில் செய்வதற்கான சான்றிதழும் வைத்திருக்கும் சி.ஏ.வாக இருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 144-ஆம் பிரிவு, சட்டப்படியான தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தரும் சேவையைச் செய்யக் கூடாது என்று தடுக்கிறது. நேராகச் செய்வதை மட்டும் தடுத்தால் வீட்டிலுள்ள இன்னொருவர் பெயரில் நடக்கும் என்பதை உணர்ந்தே, தம் உறவினர் வழியாகவோ தம்மோடு தொடர்புடைய வேறு ஒருவர் வழியாகவோ செய்வதையும் அதே பிரிவு தடைக்குள் கொண்டுவந்திருக்கிறது. தந்தை, தாய், மனைவி அல்லது கணவர், மகன், மகள், உடன்பிறந்தோர் ஆகியோர் உறவினர் என்ற வரையறைக்குள் அடங்குவர். தந்தை எழுதும் கணக்கில் மகன் தணிக்கைக் கையெழுத்திடும் ஏற்பாடு இந்தத் தடையில் நேராக வந்து விழுகிறது. பின்னாளில் வங்கியோ வருமான வரித் துறையோ இதைக் கவனித்தால், படித்து முடித்து இப்போதுதான் தொழிலில் காலூன்றும் அந்த இளைஞர்தான் முதலில் பாதிக்கப்படுவார். அவருடைய தந்தையிடம் பேசும்போது நீங்கள் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் பேச்சு எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய கணக்காளரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகளாக உங்கள் கட்டிங் செக்‌ஷனில் எத்தனை பேர், எந்த மாதத்தில் வேலை மந்தம், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர் அவர். கணக்கு எழுதுவதையும் மாத ஜி.எஸ்.டி. தாக்கலையும் அவரிடமே தொடரலாம்; அதற்கு அவர் சி.ஏ.வாக இருக்க வேண்டியதில்லை. தணிக்கைக்கு மட்டும் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தொடர்பில்லாத ஒரு சி.ஏ.வை அமர்த்துங்கள். அல்லது, மகன் தணிக்கை செய்யட்டும், கணக்கெழுத வேறு ஆள் வரட்டும் என்று திருப்பியும் செய்யலாம். எது உங்களுக்கு வசதி என்று கேட்டால், முதலாவதுதான். கணக்கு எழுதுபவர் உங்கள் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவராக இருப்பதும், தணிக்கையாளர் உங்களை அவ்வளவாக அறியாதவராக இருப்பதும் நல்லதே.

அந்தப் புதிய சி.ஏ.வை எப்படித் தேடுவது? பரிந்துரையில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முழுநேரமாகத் தொழில் செய்கிறாரா, எங்காவது சம்பளத்தில் இருக்கிறாரா என்பதையும் நேராகவே கேளுங்கள். 2019 ஜூலை முதல், ஒரு சி.ஏ. கையெழுத்திடும் தணிக்கை அறிக்கை, சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் யு.டி.ஐ.என். எனப்படும் 18 இலக்க அடையாள எண்ணை உருவாக்கிக் குறிப்பிட வேண்டும். அந்த எண் உண்மையா என்பதை எவர் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். சி.ஏ. பெயரில் போலி முத்திரை வைத்து வங்கிகளுக்குச் சான்றிதழ் தந்தவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது; அந்த எண் இல்லாத தாளை இனி நீங்களும் வாங்காதீர்கள்.

நான் அதிகம் நம்பும் சோதனை வேறொன்று. அவர் தணிக்கை செய்யும் இரண்டு மூன்று கம்பெனிகளின் பெயர்களை உங்களுக்குப் பரிந்துரைத்தவர்களிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் அடிப்படை விவரத்தையும் பார்க்கலாம். கடைசியாக ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த தேதியும், எந்தத் தேதி வரைக்குமான இருப்புநிலைக் குறிப்பு தாக்கலாகியிருக்கிறது என்பதும் அங்கே இருக்கும். அதேபோல் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு பதிவு எண்ணை இட்டால், எந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது என்ற பட்டியல் உள்நுழையாமலே தெரியும். கணக்கெழுதும் அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க இது இன்னும் உதவும். ஒரே அலுவலகத்தின் வாடிக்கையாளர்கள் பலரும் மாதாமாதம் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்திருந்தால், அவர்கள் எல்லோருமே சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது.

நேரில் சந்திக்கும்போது கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, என் கோப்பை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பெரிய பெயர் வாசலில் இருக்கும். உள்ளே மூன்று மாதத்துக்கொருமுறை மாறும் பயிற்சி மாணவர்கள்தான் உங்கள் பில்களைப் புரட்டுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் அவர்களை மேற்பார்வை செய்பவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, பதில் சங்கடமாக இருக்கக்கூடிய கேள்வி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வங்கியில் கூடுதல் கடன் வாங்க வேண்டும், ஸ்டாக் மதிப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டிச் சான்றிதழ் தருவீர்களா என்று. பார்த்துக்கொள்ளலாம் என்று சிரிப்பவரை விட்டு நகர்ந்துவிடுங்கள். உங்களுக்காக வங்கியிடம் பொய் சொல்லத் துணிபவர், நாளை உங்கள் மைத்துனருக்காக உங்களிடமும் பொய் சொல்வார். ரீபண்டில் இத்தனை சதவீதம், மிச்சப்படுத்தும் வரியில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரும் வேண்டாம். லாபத்தின் சதவீதமாகவோ பலன் கிடைத்தால்தான் என்றோ தணிக்கைக்கும் வரி வேலைக்கும் கட்டணம் வாங்குவது சி.ஏ.க்களின் தொழில் ஒழுங்கு விதிகளுக்கு மாறானது. எந்தெந்த வேலை, எந்தெந்தத் தேதிக்குள், எவ்வளவு கட்டணம், தாமதக் கட்டணம் வந்தால் யார் பொறுப்பு என்பதைக் கடிதமாக எழுதிக் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் என்று ஒரே தொகையாகச் சொல்லிவிட்டு, செப்டம்பரில் பதிவாளர் தாக்கலுக்குத் தனியாக, வரித் தணிக்கைக்குத் தனியாக என்று வளர்ந்துகொண்டே போவதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

இதில் சட்டமே உங்களுக்கு ஒரு வெள்ளோட்டக் காலத்தைத் தந்திருக்கிறது. கம்பெனி பதிவான 30 நாட்களுக்குள் இயக்குநர் குழு நியமிக்கும் முதல் தணிக்கையாளர், முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியும் வரையில்தான் பதவியில் இருப்பார். அந்தக் கூட்டத்தில் நியமிக்கப்படுபவரோ அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வருவார். இடையில் அவரை நீக்க வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதியும் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். முதல் ஆண்டில் தொலைபேசியை எடுக்கிறாரா, கேள்வி கேட்கிறாரா, ஸ்டாக்கை வந்து பார்க்கிறாரா என்பதைக் கவனித்துக்கொண்டு, திருப்தி இல்லையென்றால் அந்தப் பொதுக்கூட்டத்தில் வேறொருவரை நியமியுங்கள். பலர் இந்த வாய்ப்பு இருப்பதே தெரியாமல் முதல் ஆளையே நீட்டித்துவிடுகிறார்கள்.

டிஜிட்டல் கையொப்பத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது அதுதான். அந்தக் கையொப்பம் அடங்கிய சிறிய யு.எஸ்.பி. கருவியையும் அதன் கடவுச்சொல்லையும் ஒருவரிடம் கொடுப்பது, எல்லாத் தாளிலும் கையெழுத்திட்ட காசோலைப் புத்தகத்தைக் கொடுப்பதற்குச் சமம். அதை வைத்து இயக்குநரைச் சேர்க்கலாம், விலக்கலாம், கம்பெனியின் முகவரியை மாற்றலாம். சட்டத்தின் பார்வையில் அத்தனையும் நீங்களே கையெழுத்திட்டவை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-உம் அதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உரியவர் மீதே சுமத்துகிறது. வேலை அவசரமென்று எல்லா அலுவலகங்களிலும், என்னைப் போன்றவர்களின் அலுவலகங்களிலும்கூட, வாடிக்கையாளர்களின் கருவிகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் இருக்கிறது. நீங்கள் அதற்கு உடன்பட வேண்டாம். உங்களுடையது உங்கள் பீரோவில், மைத்துனருடையது அவருடைய பீரோவில் இருக்கட்டும்; படிவம் தயாரானதும் வாங்கிப் படித்துப் பார்த்து, உங்கள் முன்னால் கையெழுத்திடச் செய்யுங்கள். ஆண்டில் சில நாட்கள் மட்டுமே இதற்குத் தேவைப்படும்.

ஜி.எஸ்.டி., வருமான வரி, பி.எஃப்., பதிவாளர் என எல்லா இணையதளங்களிலும் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலுமே பதிவாகியிருக்க வேண்டும். கணக்காளரின் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் நோட்டீஸும் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு அது தெரியும்போது கெடு முடிந்திருக்கும். வரியைக் கட்டச் சொல்லி எவரிடமும் ரொக்கமாகவோ, அவருடைய வங்கிக் கணக்குக்கோ பணம் தராதீர்கள். சலானை அவர் தயாரிக்கட்டும், பணம் கம்பெனியின் கணக்கிலிருந்து நேராக அரசுக்குப் போகட்டும். கணக்கு டேலியில் எழுதப்பட்டால் அதன் நகல் வாரந்தோறும் உங்கள் கணினிக்கு வந்துவிட வேண்டும். கம்பெனியின் கணக்கேடுகளை எட்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டியது கம்பெனியே. கணக்காளருடன் மனக்கசப்பு வந்து டேட்டாவை வாங்க முடியாமல் திண்டாடுபவர்களில் ஒருவராக நீங்கள் ஆகிவிடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் எந்தப் பதிவை எப்போது மாற்றினோம் என்ற தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருக்கிறாரா என்று உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டில் கம்பெனி விவகார அமைச்சகம், செயல்படாமலும் ஆண்டறிக்கைகள் தாக்கல் செய்யாமலும் கிடந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதி இழந்தவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது என்பது சட்டம். சென்னை உயர் நீதிமன்றம் 2018-இலும் 2020-இலும் அளித்த தீர்ப்புகளால் பலருக்கு நிவாரணம் கிடைத்தது என்றாலும், அதுவரை அவர்கள் நடத்திவந்த வேறு கம்பெனிகளின் படிவங்களில்கூடக் கையெழுத்திட முடியாமல் தவித்தார்கள். அந்த நாட்களில் எங்களைத் தேடி வந்த பலர் சொன்னது ஒன்றே: எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்துவிட்டோம். ஆண்டுக் கணக்கறிக்கைக்கான ஏ.ஓ.சி.-4, ஆண்டு விவர அறிக்கையான எம்.ஜி.டி.-7ஏ இரண்டுக்கும் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பில்லாமல் ஏறும். அந்தப் பணம் கம்பெனியிலிருந்துதான் போகும். பார்த்துக்கொள்கிறேன் என்றவரிடமிருந்து போகாது.

மைத்துனர் சொல்லும் இணைய நிறுவனங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பதிவு என்பது கடினமான வேலையே அல்ல. ஸ்பைஸ் பிளஸ் என்ற ஒரே விண்ணப்பத்தில் பெயர், பதிவு, பான், வரிப் பிடித்தத்துக்கான டான், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், வங்கிக் கணக்கு வரை வந்துவிடுகின்றன; அனுமதிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் ரூபாய் வரையில் மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் கிடையாது, முத்திரைக் கட்டணம் மட்டும் உண்டு. அவர்களில் பலரும் சான்றிதழை அனுப்பியதோடு விலகிவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். தணிக்கையாளர் நியமனம், இரண்டு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ், பங்குப் பணம் வந்துவிட்டது என்று 180 நாட்களுக்குள் தர வேண்டிய ஐ.என்.சி.-20ஏ அறிவிப்பு ஆகியவை அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அந்த அறிவிப்பைத் தராமல் கம்பெனி தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தனியாக. நீங்கள் அங்கே பதிவு செய்துகொண்டாலும் பரவாயில்லை, இந்த மூன்றையும் யார் செய்வார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் தொழிலின் நோக்கம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள். சாப்ட்வேர் கம்பெனிக்கு எழுதியதை அப்படியே ஒட்டிய கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

கம்பெனி வந்த பிறகு பணப் பழக்கமும் மாற வேண்டும். புரொப்ரைட்டராக இருந்தவரை தொழில் பணமும் உங்கள் பணமும் ஒன்றே. இனி சனிக்கிழமை கூலி போக மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. சம்பளமாக, வாடகையாக, ஈவுத்தொகையாக என்று பெயர் சொல்லித்தான் எடுக்கலாம். 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை வைத்திருக்கும் பங்குதாரருக்குக் கம்பெனி தரும் கடனை, சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு, ஈவுத்தொகையாகவே கருதி வரி விதிப்பார்கள். அவசரத்துக்கு நண்பரிடம் வாங்கும் கைமாற்றையும் கம்பெனி பெயரில் வாங்கக் கூடாது. அது சட்டப்படி வைப்புத்தொகை ஆகிவிடும். இயக்குநரோ அவருடைய நெருங்கிய உறவினரோ, கடன் வாங்கிக் கொடுத்த பணமல்ல, சொந்தப் பணமே என்று எழுதிக் கொடுத்துக் கடன் தரலாம். உங்கள் கணக்காளர் கம்பெனிக் கணக்குகளை முன்பு எழுதியிருக்கிறாரா என்று இந்த இரண்டு விஷயங்களைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

எப்போது தொடங்குவது என்றால், ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு பதிவு செய்து, ஏப்ரல் 1-ஆம் தேதி தொழிலை மாற்றுவது உங்களுக்கு வசதி. ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பதிவாகும் கம்பெனியின் முதல் நிதியாண்டு அடுத்த ஆண்டு மார்ச் 31-இல்தான் முடியும் என்பதால், முதல் தணிக்கைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் போதிய அவகாசம் கிடைக்கும். பதிவான நாள் முதல் இந்த மார்ச் 31 வரையுள்ள காலத்துக்கு வருமான வரி ரிட்டர்ன் மட்டும் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஏப்ரலுக்கு முன் அந்த இடைவெளியில் வங்கிக் கணக்கைத் திறந்து, இருவரும் அவரவர் கணக்கிலிருந்து பங்குப் பணத்தைச் செலுத்தி, ஐ.என்.சி.-20ஏ-வைத் தாக்கல் செய்து, புதிய பான் எண்ணுக்கு ஜி.எஸ்.டி. பதிவும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் வாங்கிவிடுங்கள். இப்போதுள்ள ஓவர் டிராப்ட் தானாகக் கம்பெனிக்கு மாறாது. வங்கி மேலாளரைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தொழிலாளர்களின் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். மாறாது என்றாலும், பழைய நிறுவனத்திலிருந்து புதியதற்கு அவர்களுடைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கில் வருகிறதா என்பதைச் சரிபாருங்கள். தொழிலைக் கம்பெனிக்கு மாற்றும் ஒப்பந்தத்தில் சொத்துகளோடு கடன்களும் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தையும் சொத்து மதிப்பையும் கையெழுத்துக்கு முன் புதிய சி.ஏ. பார்த்துவிடட்டும். உங்கள் பழைய ஜி.எஸ்.டி. கணக்கில் மிஞ்சியிருக்கும் உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியின் வரவை, கம்பெனிக்கு மாற்ற, சி.ஏ. அல்லது செலவுக் கணக்காளர் சான்றிதழுடன் ஐ.டி.சி.-02 படிவம் தாக்கல் செய்து, அதைக் கம்பெனி தன் கணக்கில் ஏற்க வேண்டும். அப்படி ஏற்றது இணையதளத்தில் தெரிந்த பிறகே பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள்.